போயாவுக்கு அடுத்த நாள், இரண்டு மணி

வந்திருந்தவர்கள்: மீனவர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், வள்ளச் சொந்தக்காரர் ஆறு பேர், அவர்களுடைய வள்ளங்களில் கூலிக்குக் கடலுக்குப் போகிற இருபத்திரண்டு பேர், பிறகு நான். வராதவர்கள்: சேற்றில் மட்டிச் சிப்பி எடுக்கும் பெண்கள் பதினான்கு பேர். மூன்றாவது மாதமாக அவர்கள் வரவில்லை.

வரவு இடாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பதினான்கு பெயர்களுக்கும் எதிரே சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். அடிமட்டம் வைத்துத்தான் போட்டேன். கூட்டறிக்கையில், "அக்கறையின்மை காரணமாகச் சமுகமளிக்கவில்லை" என்று எழுதினேன். அந்தச் சொற்களை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே யோசித்து எழுதியவை.

அது துறைமுகத்தின் உட்குடாவை ஒட்டிய ஒரு சிறிய கிராமம். பாதிப் பேர் முன்பிருந்தே அங்கிருந்தவர்கள். மற்றப் பாதி ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து சண்டையில் இடம்பெயர்ந்து வந்து, வந்த இடத்திலேயே தகரமும் கிடுகுமாக இருந்துவிட்டவர்கள். நான் பாலையூற்றிலிருந்து சைக்கிளில் போவேன். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள். ஒரு சிறிய நிவாரண நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தக் கிராமத்துக்கு எங்கள் நிறுவனம் பன்னிரண்டு சிறு தோணிகள் கொடுக்கவிருந்தது. யார் யாருக்கு என்று பட்டியல் தயாரிப்பது என்னுடைய வேலை.

எங்கள் வீட்டில் பேனை பிடித்த முதல் ஆள் நான்தான். அப்பா கந்தளாயில் கரும்பு வெட்டியவர். ஆலை மூடிய பிறகு நகரத்துக்கு வந்து மூட்டை தூக்கினார். அம்மா பங்கீட்டு அட்டையில் கைநாட்டு வைப்பார். எங்களுக்கு அரிசி குறைந்ததெல்லாம், இடாப்பு எழுதுகிறவருக்கு எங்களைத் தெரியாததாலும், வேறு யாரையோ நன்றாகத் தெரிந்திருந்ததாலும்தான். ஆகவே, நான் இடாப்பு எழுதும் நாள் வந்தால் தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்ததும் ஆறு வாரப் பயிற்சி தந்தார்கள். சமூகப் பணியின் அடிப்படை விழுமியங்கள் என்று ஒரு நாள் முழுவதும் வகுப்பு நடந்தது. என் கொப்பியில் அன்றைக்கு நான் எழுதியது: "சமூக நீதி – எல்லோருக்கும் ஒரே விதி." படிப்பித்தவர் இன்னும் பல சொன்னார். நான் எழுதியது அவ்வளவுதான். அதை இரண்டு முறை அடிக்கோடு போட்டும் வைத்தேன்.

முந்திய வருடம் அந்தக் கிராமத்தில் கூரைத் துணி பங்கிட்டபோது, பட்டியலைச் சங்கத் தலைவரே எழுதினாராம். அவருடைய மச்சான் வீட்டுக்கு இரண்டு போனது. இதைக் கேள்விப்பட்ட பிறகுதான் நான் அந்த விதியைக் கொண்டுவந்தேன். தோணிக்கு விண்ணப்பித்தவர்கள் மாதக் கூட்டம் மூன்றுக்கும் வர வேண்டும். வந்தவர்களுக்குள் உடைமை குறைய உள்ளவர்களுக்கு முதலிடம். வராதவர் எவரானாலும் இல்லை. தலைவரின் மச்சானானாலும் இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் இதை மெச்சினார்கள்.

கூட்டத்துக்கு நாள் குறித்ததும் நான்தான். போயா, அதாவது பௌர்ணமி, எங்களுக்கு விடுமுறை. அடுத்த நாளென்றால் எவருக்கும் மறக்காது. சாவடிகளைத் தாண்டி நான் அங்கே போய்ச் சேரப் பகல் ஒன்றரை ஆகும். ஆண்கள் கடலால் வந்து மீனைக் கொடுத்துச் சாப்பிட்டும் முடித்திருப்பார்கள். ஆகவே, போயாவுக்கு அடுத்த நாள் இரண்டு மணி. இதைவிட வசதியான நேரம் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

மூன்றாவது கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். மூன்று வள்ளமும் மூன்று தோணியும் உள்ள மனிதர். பகிடியாகவே கதைப்பார்.

"தம்பிட சட்டம் நல்ல சட்டம். ஒருத்தரும் வாய் திறக்கேலாது."

"பெண்கள் ஒருத்தரும் வரேல்லையே ஐயா."

"சொல்லி விட்டவையள்தான். வர ஏலாதாம்."

"ஏனாம்?"

"வேலையாம்."

"வேலை எல்லாருக்கும்தானே இருக்கு," என்றேன். தலைவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

அன்று படை வண்டிகள் போவதற்காகப் பாதையை மூடிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. சைக்கிளைச் சங்கக் கட்டடத்தில் சாத்திவிட்டுக் கரைப்பக்கம் நடந்தேன். கரையில் கடற்படைக் காவலரண் ஒன்று உண்டு. தண்ணீரில் இறங்குகிறவர்கள் அடையாள அட்டையை அங்கே கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். நாலு மணிக்குள் திரும்பிவந்து அட்டையை வாங்க வேண்டும். மணல் மூட்டையின் மேல் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, மேலே ஒரு கல். பக்கத்தில் ஒரு கொப்பி. காவலுக்கு நின்றவர் அதில் நேரம் குறித்து வைத்திருந்தார். என் இடாப்பில் சிவப்புக் கோடு விழுந்த பதினான்கு பேரும் அந்தக் கொப்பியில் இருந்தார்கள்.

குடாவைப் பார்த்தேன். வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் இடம் சேறாகக் கிடந்தது. நடுவே ஒரு வாய்க்கால் போல ஆழம், அதற்கு அப்பால் ஒரு திடல். பெண்கள் திடலில் குனிந்து நின்றார்கள். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக மூன்று தோணிகளில் சாக்குகளை ஏற்றிக்கொண்டு கம்பு ஊன்றித் தாங்கிவந்தார்கள். இடுப்புவரை சேறு. முதல் தோணியில் வந்த அக்காவை எனக்குத் தெரியும். ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக்காரி. கணவருக்கு ஷெல் பட்டுக் கால் மடங்காது, வீட்டிலிருந்து கிழிந்த வலை பொத்துவார். பெண்கள் சார்பில் விண்ணப்பப் படிவங்களை வாங்கிப் போனதும் அவர்தான்.

"என்ன தம்பி, கூட்டம் முடிஞ்சுதோ?" என்றார்.

"முடிஞ்சுது அக்கா. நீங்க ஒருத்தரும் வரேல்ல. மூண்டு தரமும் வரேல்ல. உங்கட பேரெல்லாம் வெட்டுப்பட்டுட்டுது."

அவர் சாக்கை இறக்கிவைத்தார். பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

"போயாவுக்கு மற்ற நாள் ரெண்டு மணிக்கு எப்பிடித் தம்பி வாறது? உந்த நாளை ஆர் குறிச்சுத் தந்தது?"

"நான்தான்."

"நீங்க எவ்விடத்துப் பிள்ளை?"

"கந்தளாய்."

"அதுதானே," என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு சொன்னார்:

"இஞ்ச தண்ணி பெரிசா வத்தாது தம்பி. ஒரு முழம் இறங்கினாப் பெரிய காரியம். அதுவும் அமாவாசைக்கும் போயாவுக்கும் அடுத்தாப்போல நாலைஞ்சு நாள்தான். ரெண்டு மணிக்குத்தான் திடல் தெரியும். அந்த நாளில ஒரு சாக்கு நிறையும். மற்ற நாளில முதுகு முறியக் குனிஞ்சாலும் அரைச் சாக்கு. நாங்க கூட்டத்துக்கு வந்தா அந்த மாசம் என்னத்தத் தின்னுறது?"

நான் கடலில்லாத ஊரில், குளத்தடியில் வளர்ந்தவன். குளத்துத் தண்ணீர் யாராவது கதவைத் திறந்தால்தான் இறங்கும். கடலும் தன்பாட்டில் ஒரு நேர அட்டவணை வைத்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மூன்று மாதமும், ஒரு மாதத்திலேயே அவர்கள் விட்டுவர முடியாத நாளைத் தேடி எடுத்து, அந்த நாளிலும் விட்டுவர முடியாத மணித்தியாலத்தைத் தேடி எடுத்து, அதில் கூட்டம் வைத்திருக்கிறேன்.

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்ல?"

"சொல்லி விட்டனாங்களே. தலைவரிட்ட."

தோணிகள் மூன்றும் தலைவருடையவை. அவர் ஆள் கரையில் நின்று சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான். மூன்றில் ஒன்று தோணிக்கு. அதாவது மூன்று சாக்கு எடுத்தால் இரண்டுதான் அவர்களுக்கு. சொந்தத் தோணி இருந்தால் அந்த ஒரு சாக்கும் வீட்டுக்கு வரும். அந்தப் பெண்களுக்கு என் பட்டியலில் இருந்தது அந்த மூன்றாவது சாக்குத்தான்.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் இணைப்பாளர் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூட்டறிக்கையை எடுத்துப் படித்தார்.

"அக்கறையின்மை எண்டு எழுதியிருக்கிறீர்."

"அது நான் யோசிச்சு எழுதினது மிஸ்."

"தெரியுது." அறிக்கையை மேசையில் வைத்தார். "இனி மாத்தினா அந்த ஆம்பிளையளுக்கு என்ன சொல்லப் போறீர்? அவை மூண்டு தரமும் வந்திருக்கினம். உம்மட விதியை நம்பி வந்தவை."

தெரியாது என்றே சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தூரத்தில் பீரங்கிச் சத்தம் இரண்டு முறை கேட்டது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில், பட்டியலை அனுப்பப் பத்து நாள் தவணை வாங்குகிறேன் என்றார். அதற்குள் விசேட கூட்டம் ஒன்று வைத்து, அந்த ஊரே ஒத்துக்கொண்டால் பெயர்களைச் சேர்க்கலாம். ஆனால் முதலில் பிழை என்னுடையது என்று நான் கையெழுத்திட்டுக் கடிதம் தர வேண்டும். அது கோப்பில் இருக்கும். எழுதிக் கொடுத்தேன். மூன்று வரிக் கடிதம்தான். அதற்கு ஒரு காலை முழுவதும் போனது.

அன்று பின்னேரமே போய், இந்த முறை நாள் குறிக்கும் முன் கேட்டேன். அக்கா வீட்டு வாசலில் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடி நின்று விரல் மடித்து எண்ணினார்கள்.

"போயாவில இருந்து எட்டாம் நாள் வையுங்க. அண்டைக்குத் தண்ணி ஏறவும் மாட்டுது, இறங்கவும் மாட்டுது. சும்மா கிடக்கும்."

"எத்தினை மணிக்கு?"

"பன்ரெண்டுக்கு. வள்ளக்காரரும் மீன் குடுத்திட்டு வந்திடுவினம். அவையும் பாவம்தானே."

எல்லோருக்கும் பொருந்துகிற நேரம் அந்த ஊரில் இருக்கத்தான் செய்தது. கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் கிடைத்திருக்கும்.

அடுத்த நாள் நான் போனபோது தலைவரின் தோணிகள் மூன்றும் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பெண்கள் சாக்குகளோடு நின்றார்கள். தண்ணீர் இன்னும் நன்றாக இறங்குகிற நாள் அது.

"ஓட்டை தம்பி. தார் பூச வேணும்," என்றார் தலைவர்.

"மூண்டுமோ ஐயா?"

"மூண்டும்தான். ஒண்டாப் பிறந்ததுகள்."

தார் வாளியை எங்கும் காணவில்லை. அந்த வாரத்தின் நல்ல நாட்கள் மூன்று அப்படியே போயின. வாய்க்காலைத் தோணி இல்லாமல் தாண்ட முடியாது. கரையோரச் சேற்றில் ஒரு நேரக் கறிக்குக்கூடக் காணாத மட்டிதான் அகப்பட்டது. இரண்டு மூன்று பெண்கள் அக்காவிடம் வந்து விட்டுவிடுவோம் என்றார்கள். பெயர் சேராவிட்டால் சொந்தத் தோணியும் இல்லை, தலைவரின் தோணியும் இல்லை என்றாகிவிடும் என்று பயந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அக்கா என்னைப் பார்க்காமல் அவர்களிடம், "இப்ப கூட்டத்துக்குப் போகாட்டியும் அவர் தோணி தரப் போறேல்ல. போய்க் கதைச்சிட்டுப் பட்டினி கிடப்பம்," என்றார்.

எட்டாம் நாள் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். கதிரைகள் ஆண்களுக்குத்தான் காணும். பெண்கள் கதவோரம் பாயில் இருந்தார்கள். கதிரை இரவல் வாங்கிவர வேண்டும் என்பது எனக்கு அப்போதும் தோன்றவில்லை. இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

என் கடிதத்தை வாசித்தேன். முடித்ததும் தலைவர் எழும்பினார்.

"தம்பி தன்ட பிழை எண்டுறார். பெரிய மனசு. ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்டு எண்டு சொன்னதும் தம்பிதான். இவ்வளவு பேரும் வேலையை விட்டுட்டு வந்தவை. அவையள் வரேல்ல. எங்க நிண்டவை, என்ன செய்தவை எண்டு எங்களுக்கு என்ன தெரியும்?"

அக்கா எழும்பவில்லை. பாயில் இருந்தபடியே கேட்டார்:

"அண்ணை, அந்த மூண்டு நாளும் நாங்க உங்கட தோணியிலதானே போனனாங்க. சாயந்தரம் மூண்டில ஒண்டு எண்ணி எடுக்கேக்க நாங்க எங்க நிண்டனாங்க எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. கூட்டத்தில மட்டும் தெரியாமப் போச்சோ?"

முதலில் கூலிக்காரர் பக்கத்திலிருந்து ஒருவர் சிரித்தார். பிறகு பொருளாளரும் சிரித்தார். தலைவரும் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

சிரிப்பு அடங்கியபோது கூலிக்குப் போகிற ஒருவர் எழும்பினார். மெலிந்த மனிதர், என் பட்டியலில் பத்தாவது பெயர். கோபமில்லாமல்தான் கேட்டார்:

"அப்ப நான் வந்த மூண்டு நாளும் தம்பி?"

இணைப்பாளர் மிஸ் கேட்ட அதே கேள்வி. ஆறு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தோணி பன்னிரண்டுதான். பெண்களுக்கு எத்தனை போனாலும் அத்தனை பேர் அந்தப் பட்டியலின் அடியிலிருந்து விழுவார்கள். அவர்களும் இல்லாதவர்கள்தான். அவர்கள் வள்ளத்துக்குக் கொடுப்பதும் ஒரு பங்குதான். "உங்களுக்குப் பிழை விட்டதும் நான்தான் அண்ணை," என்றேன். அவர் மறுபடி கதிரையில் இருந்தார். பதின்மூன்றாவதாக ஒரு தோணி கேட்டுப் பிறகு நான் மூன்று கடிதம் எழுதினேன். கிடைக்கவில்லை.

கை உயர்த்தச் சொன்னோம். பெண்கள் கேட்டது ஐந்து. ஊர் சம்மதித்தது நான்கு. பதினான்கு பேருக்கு நான்கு தோணி. கூலிக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் கை உயர்த்தினார்கள். அவர்களில் சிலருடைய மனைவிமாரும் அந்தப் பாயில்தான் இருந்தார்கள். பத்தாவது மனிதர் கை உயர்த்தவில்லை. எதிராகவும் உயர்த்தவில்லை.

கூட்டறிக்கையில் முந்திய வரியை வெட்டிவிட்டு, "கூட்ட நேரம் பிழையாகக் குறிக்கப்பட்டதால் சமுகமளிக்க முடியவில்லை" என்று எழுதிக்கொண்டிருந்தபோது தலைவர் மறுபடி எழும்பினார். தோணி சங்கத்தின் மூலம்தான் வருகிறது, சங்க அங்கத்தவர் அல்லாதவர்களுக்குக் கடற்படையின் தோணி அனுமதி கிடைக்காது என்றார். அது உண்மை. ஆகவே பெண்கள் அங்கத்தவராகச் சேர வேண்டும். சேர்வுக் கட்டணம் உண்டு. தோணிக்கு விண்ணப்பித்த மாதத்திலிருந்து மூன்று மாதச் சந்தா உண்டு. பிறகு, கூட்டத்துக்கு வராத ஒவ்வொரு முறைக்கும் சங்கத்தில் தண்டப்பணம் உண்டு.

"அப்ப அவையள் சங்கத்திலயே இல்லையே ஐயா," என்றேன். "இல்லாத சங்கத்துக்கு வரேல்ல எண்டு எப்பிடித் தண்டம் போடுறது?"

"சந்தா அந்த மாசத்தில இருந்து எண்டா, தண்டமும் அந்த மாசத்தில இருந்துதானே தம்பி. உங்கட இடாப்பிலயும் வரேல்ல எண்டுதானே கிடக்குது."

செயலாளர் சங்க விதிகள் எழுதிய யாப்பைப் புரட்டிப் பார்த்து, அப்படியும் சொல்லலாம் என்றார். நான் எதிர்த்துக் கதைத்தேன். நீண்ட நேரம் கதைத்தேன். பாயில் இருந்த பெண்கள் தங்களுக்குள் தலை சேர்த்துப் பேசினார்கள். பிறகு அக்கா, "கட்டுறம் அண்ணை. சிட்டை எழுதுங்க," என்றார்.

கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் போனேன். பிழை என்னுடையது, தண்டத்தையாவது என் சம்பளத்தில் கட்டுகிறேன் என்றேன். உண்மையாகவே கட்ட நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"நீங்க கட்டினாப் பிறகு அந்தத் தோணியிலயும் மூண்டில ஒண்டு உங்களுக்கு வைக்கச் சொல்லுவீங்க," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "வேண்டாம் தம்பி. நாங்க கட்டினா நாங்க அங்கத்தவர். அடுத்த கூட்டத்துக்கு நேரம் குறிக்கேக்க எங்களைக் கேட்டுத்தான் குறிக்க வேணும். அதுக்குத்தான் கட்டுறம்."

அதற்குப் பிறகு பல ஊர்களில் வேலை செய்திருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் சமூக நீதியைப் பற்றிக் கேட்டால், முதலில் கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று பார்க்கச் சொல்வேன். பிறகு அந்த நேரத்தில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று போய்ப் பார்க்கச் சொல்வேன். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பத்தாவது மனிதருக்கு என்ன பதில் என்றும் தெரியாது.

தோணிகள் வரும் வரைக்கும் காத்திருக்காமல், அந்த மாதத்து அமாவாசைத் தண்ணீருக்கு வேறொரு கரையிலிருந்து தோணி வாடகைக்குப் பிடித்து, இரண்டு நாள் மட்டி எடுத்து விற்றுப் பணத்தைச் சேர்த்தார்கள். பதினான்கு பேரும் ஒன்றாகச் சங்கக் கட்டடத்துக்கு வந்தார்கள். பொருளாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சிட்டை எழுதினார். ஆளுக்குச் சேர்வுக் கட்டணம் இருபத்தைந்து, மூன்று மாதச் சந்தா முப்பது, வராத மூன்று நாளுக்கும் தண்டம் அறுபது. எல்லாமாக ஆயிரத்து அறுநூற்றுப் பத்து ரூபாய்.